முன்னுக்கு ஒரு பொட்டு, பின்னுக்கு இரண்டு

லோகன் அந்தப் பிரேக்கைத் தவறாகப் பூட்டவில்லை. அவன் சரியாகப் பூட்டியதை நான்தான் கழற்றி மாற்றினேன். என் மனைவியின் தம்பி விஜயனின் முழங்கை நொறுங்கியதற்கு நானே காரணம். இரண்டு வருடமாக அந்தப் பழியை லோகன் சுமக்கிறான்... நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். ஒரு மலைச் சைக்கிளின் பிரேக்குக்கு இவ்வளவு பெரிய வாக்குமூலமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. முழுவதையும் கேட்டபிறகு சிரியுங்கள்.

நான் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புவதும், ஒரு நாளைக்கு மூன்று தடவை மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நின்று கொழுந்து நிறுப்பதும் என் வேலை. இருபது வருடமாகத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சாக்கின் அடியில் முற்றல் இலை இருக்கிறதா, இலை ஈரமா, நிறுக்கும்போது யாராவது முழங்காலால் சாக்கைத் தாங்குகிறார்களா... இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் கண்ணே அப்படி ஆகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பேன். பிறகுதான் முகத்தை.

"சோத்துல ஒரு கல்லு கெடந்தாக்கூட, வேணும்னுதான் யாரோ போட்டாங்கன்னு சொல்லுவீங்க" என்பாள் என் மனைவி புஷ்பா. அவள் விளையாட்டாகத்தான் சொல்வாள். நானோ, இவள் எதற்கு இதை இப்போது சொல்கிறாள் என்று யோசிப்பேன்!

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் என் மோட்டார் சைக்கிள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. தோட்டத்தின் மூன்று டிவிஷனையும் நடந்தே சுற்றினால் கால் கழன்றுவிடும். அப்போதுதான் விஜயன் எனக்கு ஒரு பழைய மலைச் சைக்கிளைக் கொண்டுவந்து தந்தான். அவன் எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு விடுதியில் வேலை செய்தான். வெள்ளைக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு தேயிலை மலைகளுக்கு நடுவே வழிகாட்டிப் போவான். அவன் சைக்கிளில் இறங்குவதைப் பார்த்தால் சக்கரம் தரையைத் தொடுகிறதா என்றே சந்தேகம் வரும்.

"மச்சான், பழசுதான். ஆனா சட்டம் நல்ல சட்டம். சாமான ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டா, இது ஒங்கள எங்கேயும் ஏத்தும்" என்றான்.

ஒன்றொன்றாக மாற்றுவது... அந்தப் பித்து பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்! பெட்ரோல் வந்தது, வரிசை போனது. நான் மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிடும்போதும் கைப்பேசியில் டயரையும் கியரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இது அசலா, போலியா, எந்த நாட்டில் செய்தது, விற்பவன் போட்ட படத்தில் எழுத்து ஏன் கோணலாக இருக்கிறது... வாங்குவதில் பாதி சந்தோஷம், சந்தேகப்படுவதில் மீதி.

பாகங்களைப் பூட்டித் தருவது லோகன். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னக் கடை. எல்ல விடுதிகளின் வாடகைச் சைக்கிள்கள் எல்லாம் அவன் கைக்குத்தான் வரும். என்னைவிடப் பத்து வயது இளையவன். அதிகம் பேசமாட்டான். அதுவே எனக்குச் சந்தேகம்.

நான் முதலில் கேட்டது, முன் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் சொக். பளபளவென்று தங்க நிறக் கால்களோடு ஒரு சொக்கைப் பார்த்து வைத்திருந்தேன். லோகன் தலையை ஆட்டினான்.

"மொதல்ல டயரு அண்ணே. அப்புறம் கியரு. அப்புறம் பிரேக்கு. சொக்கு கடைசி. நிக்கத் தெரியாத சைக்கிளுக்குக் குதிக்க எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?"

இவன் கடையில் டயர் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது போல, அதனால்தான் டயரை முதலில் தள்ளப் பார்க்கிறான் என்று நினைத்தேன். பண்டாரவளைக்குப் போய் இன்னொரு கடையில் விசாரித்தேன். அவரும் அதையே சொன்னார். அப்படியானால் லோகன் சொன்னது உண்மை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று தோன்றியது! இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று கொஞ்சமும் வெட்கம் இல்லை.

டயர் மாற்றினேன். மழை பெய்த கல்ரோட்டில் சக்கரம் வழுக்காமல் நின்றது. அடுத்து, பின்னால் பெரிய பல்லுச் சக்கரம் வைத்த கியர். மேல் டிவிஷன் ஏற்றத்தை வாழ்க்கையில் முதல்முறையாக இறங்காமல் ஏறினேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்கள். "கணக்கப்புள்ள ஐயா இன்னைக்கு எறங்கித் தள்ளல டோய்!" என்று ஒருத்தி கத்தினாள். அன்று முழுவதும் யாருடைய சாக்கையும் நான் கிளறிப் பார்க்கவில்லை.

லோகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய பாகம் எதையும் கடையில் வைத்துக்கொள்ள மாட்டான். பத்திரிகைத் தாளில் சுற்றி, நூலால் கட்டி, சைக்கிளின் கைப்பிடியிலேயே தொங்கவிட்டுத் தருவான். இன்னது போய் இன்னது வந்தது என்று சைக்கிளின் சொந்தக்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக. வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. முதல் இரண்டு தடவை பொட்டலத்தைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பிரிக்காமல் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் பரணில் போட்டுவிடுவேன்.

அந்தப் பொட்டலத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

பிரேக்கின் முறை வந்தது. இலங்கையைச் சைக்கிளில் சுற்றவந்த ஒரு ஜெர்மன்காரர் எல்லயோடு பயணத்தை முடித்துக்கொண்டு, தன் சைக்கிளைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிட்டுப் போனார். அவருடைய எண்ணெய் பிரேக்கை விஜயன் எனக்காகப் பிடித்துவைத்தான். கம்பி இழுக்கும் பிரேக் இல்லை இது. பிரேக் பிடியை ஒரு விரலால் அழுத்தினால் குழாயில் இருக்கும் எண்ணெய் அழுத்தம் போய்ச் சக்கரத்துத் தட்டைக் கவ்வும். கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குக் குழந்தையைத் தூக்கியது போல இருந்தது. இதையா லோகன் கையில் கொடுப்பது? உள்ளே ஒரு வளையத்தை மாற்றிவிட்டால் எனக்குத் தெரியுமா? ஒரு நல்ல குழாயை உருவிவிட்டுப் போலியைச் செருகினால்?

புஷ்பாவின் அலமாரியிலிருந்து சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சுப் போத்தலை எடுத்தேன். முன் பிரேக்குக்கு உரிய பிடி, குழாய் மூட்டு, சக்கரத்தருகே கவ்வும் பகுதி மூன்றிலும் அடிப்பக்கமாக ஒரு பொட்டு வைத்தேன். பின் பிரேக்குக்கு உரியவற்றில் இரண்டு பொட்டு. கடுகளவு. தேடினால்தான் தெரியும். கொழுந்துச் சாக்குகளுக்கு நான் இப்படித்தான் ரகசிய அடையாளம் வைப்பேன். என் தொழில் புத்தி!

சைக்கிளைத் திரும்ப எடுக்கப் போனபோது லோகன் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன். மாற்றி எழுத எனக்கு ஆசைதான்... ஆனால் இன்றைக்காவது மாற்றக்கூடாது.

"அண்ணே, வெள்ளக்காரன் ஊருல எடது கை முன் சக்கரத்துக்கு. நமக்கு வலதுதானே? அதனால ரெண்டு பிடியையும் எடம் மாத்திப் போட்டிருக்கேன். வலது முன்னுக்கு, எடது பின்னுக்கு. பின்னுக்குப் போற கொழாய் எட்டல, வேற போட்டிருக்கேன். பழசு பொட்டலத்துல இருக்கு."

கேட்டீர்களா? எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வயதுக் குழந்தைக்கும் விளங்கும்படி சொன்னான். இந்த நாட்டில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் இடது கை பின் சக்கரத்துக்கு. இறக்கத்தில் எதுவும் குறுக்கே வந்தால் யோசிக்காமலே இடது கைதான் முதலில் இறுகும். அது தெரிந்துதான் அவன் மாற்றினான்.

நான் தலையை ஆட்டினேன். உள்ளே ஒரு குரல் கேட்டது: இவ்வளவு பேசாதவன் இன்று ஏன் இவ்வளவு பேசுகிறான்?

வீட்டுக்கு வந்து சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தேன். இடது பக்கம் இருந்த ஒரு பொட்டுப் பிடி வலது பக்கம் வந்திருந்தது. பின் குழாயில் ஜெர்மன்காரர் குழாயின் வெள்ளை எழுத்தைக் காணோம். மூட்டில் என் இரண்டு பொட்டையும் காணோம். அவன் சொன்னதோடு எல்லாம் அச்சாகப் பொருந்தியது. பொருந்தியதாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் கண்டுபிடிப்பேன் என்று தெரிந்து, கதையை முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டான்! அசல் குழாய் இந்நேரம் எந்த விடுதிச் சைக்கிளில் ஓடுகிறதோ...

பொட்டலம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நூலை அவிழ்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அவிழ்க்கவில்லை. வழக்கம்போலப் பரணில் எறிந்தேன். சந்தேகப்படுகிறவன் எல்லாவற்றையும் பார்ப்பான் என்று நினைக்காதீர்கள். தனக்கு வேண்டியதை மட்டும் பார்ப்பான்.

அலன் சாவியை எடுத்து இரண்டு பிடிகளையும் கழற்றினேன். முகர்ந்தேன். கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. திரும்பப் பூட்டும்போது, அது முதலில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று ஒரு பொட்டுப் பிடியை இடது பக்கமும் இரண்டு பொட்டுப் பிடியை வலது பக்கமும் வைத்து இறுக்கினேன். அடுத்த மாதம் பண்டாரவளைக்காரரிடம் காட்டி லோகனின் குட்டை உடைக்கவேண்டும்; அதுவரை கைபடாத நிலையில் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். கைபடாத நிலை! கழற்றிப் பூட்டியதே நான்தானே!

இடது கை இப்போது முன் சக்கரத்துக்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். மறந்துபோய்ச் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை. தெரிந்தே செய்தேன். தெரிந்ததால் மெதுவாக ஓட்டினேன். நான்கைந்து நாளில் கை பழகிவிட்டது.

நான் மாற்றிப் பூட்டிய பின் வந்த இரண்டாவது ஞாயிறு காலையில் விஜயன் வந்தான். அவன் சைக்கிளின் சக்கரம் கோணிப்போயிருந்தது. மேல் டிவிஷன் வழியாக ஒரு புதுப் பாதை பார்த்துவைக்க வேண்டும், அடுத்த வாரம் ஆட்கள் வருகிறார்கள் என்றான்.

"மச்சான், ஒங்க சைக்கிளக் குடுங்களேன். பிரேக்கையும் ஒருக்காப் பாத்தமாதிரி இருக்கும்."

சைக்கிள் பூட்டின் சாவியை எடுத்துக் கொடுத்தேன். 'மாப்ள, பிரேக் இடம் மாறி இருக்கு, பார்த்துப் போ.' இவ்வளவுதான் சொல்லவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், ஏன் மாறி இருக்கிறது என்று கேட்பான். நான் கழற்றினேன் என்றால், ஏன் கழற்றினீர்கள் என்பான். அவனும் லோகனும் ஒன்றாகப் படித்தவர்கள். சாயங்காலமே லோகன் காதுக்குப் போய்விடும். கணக்கப்பிள்ளை தன்னைத் திருடன் என்று நினைத்து அடையாளம் வைத்துப் பார்த்தார் என்று பதுளைக் கடைத்தெரு முழுவதும் சிரிக்கும்...

இந்தக் கணக்குக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. நான் தேடிப்பார்க்காத நாள் இல்லை, இல்லவே இல்லை!

"மெதுவாப் போ மாப்ள" என்றேன்.

அவன் சிரித்தான். "என்கிட்டயா மச்சான் சொல்றீங்க?"

கொழுந்து அதிகம் என்பதால் அன்று ஞாயிறும் வேலை இருந்தது. பத்து மணி நிறுவைக்கு நான் மடுவத்தில் நின்றேன். மேலே கல்ரோடு வளைந்து இறங்குவது அங்கிருந்து நன்றாகத் தெரியும். விஜயன் வந்துகொண்டிருந்தான். அழகாக, முழங்காலை மடித்து, உடம்பைப் பின்னுக்கு வைத்து. தலையில் கொழுந்துச் சாக்கோடு ஒரு அம்மா பாதையைக் கடந்தார். அவருக்கும் இவனுக்கும் இடையே தாராளமாக இடம் இருந்தது. சும்மா வேகம் குறைக்கத்தான் பிடித்திருப்பான். இடது கையால்.

முன் சக்கரம் ஆணி அடித்தது போல நின்றது. சைக்கிள் பின்னால் எழும்பியது. அவன் கைப்பிடிக்கு மேலாகப் போய்ப் பாதையோரத்துத் தண்ணீர்க் காணுக்குள் விழுந்தான். கருங்கல் கட்டிய காண். அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

எல்லோரும் ஓடினார்கள். நான் தராசைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். நிறுக்க வைத்த சாக்கு ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் விஜயனைப் பற்றி நினைக்கவில்லை. பொட்டுகளைப் பற்றி நினைத்தேன்... இது எப்படிப்பட்ட மனம்?

பதுளை ஆஸ்பத்திரியில் முழங்கையில் தகடு வைத்துத் தைத்தார்கள். அடுத்த நாள் காலையில் விழித்ததும் விஜயனே சொன்னான்.

"எடதத்தான் அமுக்குனேன் அக்கா. முன் சக்கரம் பிடிச்சிருச்சு. பிரேக்க மாத்திப் பூட்டி வச்சிருக்கு."

புஷ்பா என் பக்கம் திரும்பினாள். என் மாமியார் திரும்பினார். "யாருங்க பிரேக் பூட்டுனது?" என்று கேட்டாள் புஷ்பா.

"லோகன்தான் பூட்டினான்" என்றேன்.

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இப்படி ஒரு பொய்யை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

என் மாமியார் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் லோகனைக் கை நிறைய மண்ணள்ளித் தூற்றாத குறையாகத் திட்டினார். நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தேன். தண்ணீர் வாங்கவில்லை. பஸ் ஏறி நேரே வீட்டுக்குப் போனேன். கியூடெக்ஸ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துப் பிடிகளின் அடியில் இருந்த பொட்டுகளைத் துடைத்தேன். முன் மூட்டில், கவ்விகளில்... நகத்தால் சுரண்டினேன். சிவப்புப் போத்தலைப் பாலத்துக்குக் கீழே ஓடையில் வீசினேன். பட்டப்பகல். வெயில் நன்றாக அடித்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிரேக்கை மாற்றியது என் புத்திக்கோளாறு. அதை மன்னிக்கிறவர்கள் எங்காவது இருக்கலாம். பஞ்சை எடுத்தது கோளாறு இல்லை. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியட்டும்.

மறுநாள் லோகன் வந்தான். யாரும் கூப்பிடாமலே வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய், என் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அங்கிருந்து நேரே வந்திருந்தான். கொட்டகையில் சைக்கிளின் முன் குந்தினான். இடது பிடியை அழுத்தினான். முன் சக்கரத்தைப் பார்த்தான். இன்னொரு தடவை அழுத்தினான்.

"நான் வலதுலதானே போட்டேன்..." என்றான். பிறகு மிக மெதுவாக, "போட்டேனா?" என்றான்.

நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, வண்டிய எடுக்கும்போது ஒங்ககிட்ட வலது முன்னுக்குன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"சொன்ன. ஞாபகம் இருக்கு" என்றேன். "சொன்னமாதிரி செஞ்சியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வழக்கம்போலக் கையைப் பார்த்தேன். பெருவிரலைப் பிடியின் அடியில் வைத்து ஒரு தரம் தடவினான். விரலைத் திருப்பிப் பார்த்தான். காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். எழுந்து போய்விட்டான்.

அன்று அந்தத் தடவலுக்கு நான் அர்த்தம் தேடவில்லை. அழுக்கு என்று நினைத்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிக்க எனக்குத் தெம்பில்லை. விஜயனின் வலது கை இன்றும் முழுவதும் நீளாது. கைப்பிடியில் உடம்புப் பாரத்தைக் கொடுக்க முடியாது. அதே விடுதியில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வெளியே போகிற சைக்கிள்களுக்குக் கையெழுத்து வாங்குகிறான். எல்லயில் இந்தக் கதை நாலு நாளில் பரவியது. விடுதிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் சைக்கிள்களை வேறு கடைக்கு அனுப்பின. லோகன் ஒருவரிடமும் வழக்காடவில்லை. 'இங்கே பிரேக் வேலை செய்து தருவதில்லை' என்று ஒரு மட்டையில் எழுதிக் கடையில் தொங்கவிட்டான். பஞ்சர் ஒட்டினான், செயினுக்கு எண்ணெய் போட்டான். அந்த மட்டையைக் கடந்துதான் நான் பஸ்ஸுக்குப் போவேன்.

ஒரு மழை நாளில் பரணை ஒதுக்கும்போது பொட்டலம் கைக்கு வந்தது. பிரித்தேன். வெள்ளை எழுத்துப் போட்ட குழாய், வட்டமாகச் சுருட்டி, எண்ணெய் துடைத்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தான். மூட்டில் என் இரண்டு சிவப்புப் பொட்டும் அப்படியே இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. அந்த மூட்டைக் கழற்றியவன் பொட்டுகளைப் பார்க்காமல் இருந்திருப்பானா? பிடிகளை இடம் மாற்றியவன் அவற்றின் அடியில் பார்க்காமல் இருந்திருப்பானா? பார்த்திருப்பான். நான் அவனைச் சந்தேகிக்கிறேன் என்று அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தும் பழைய குழாயைச் சுத்தமாகச் சுருட்டிக் கட்டித் தந்திருக்கிறான். அப்படியானால் விபத்துக்குப் பிறகு பெருவிரலால் தடவியபோது... பொட்டு இல்லாததையும் கண்டிருப்பானே!

கண்டிருந்தால் ஏன் சொல்லவில்லை? காணவில்லையென்றால் ஏன் தடவினான்? உண்மையாகவே தன்மேல் தனக்குச் சந்தேகம் வந்துவிட்டதா? அல்லது நானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறானா? இரண்டு வருடமாக இதை உருட்டிக்கொண்டிருக்கிறேன். லோகனைத் திருடன் என்று சந்தேகித்தேன், அப்போது நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது அவன் எல்லாம் அறிந்தவன் என்று சந்தேகிக்கிறேன்...

புஷ்பாமேலும் சந்தேகம். "என் செவப்புக் கியூடெக்ஸப் பாத்தீங்களா?" என்று அப்போது ஒரே ஒரு தடவை கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். அதன்பிறகு அவள் சிவப்பு வாங்கவே இல்லை. ஏன்? தற்செயலா? விஜயன் வீட்டுக்கு வந்தால், "மச்சான், இப்பல்லாம் சைக்கிள் ஓட்டுறதில்லையா?" என்று சிரிப்பான். எதற்குக் கேட்கிறான்? அந்தச் சைக்கிள் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. நான் ஆசைப்பட்ட தங்க நிறச் சொக்கை அதற்கு வாங்கவே இல்லை.

போன மாசியில் லோகன் அந்த மட்டையை எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஒரு விடுதி மட்டும் திரும்ப வேலை கொடுத்திருக்கிறதாம். இரண்டு நாள் கழித்து மடுவத்துக்கே என்னைத் தேடி வந்தான்.

"அண்ணே, ஒரு ஒதவி. சனிக்கெழம மத்தியானம் கடைக்கு வந்து, நான் பூட்டுன பிரேக்கையெல்லாம் ஒருக்காப் பாத்துக் குடுப்பீங்களா? எனக்கு என் கையில நம்பிக்கை இல்ல. நீங்க கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாக்குற ஆளு. நீங்க பாத்தீங்கன்னு சொன்னா விடுதிக்காரங்களும் நம்புவாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம்! சாக்குகளுக்கு நடுவே, பெண்கள் வரிசையில் நிற்கும்போது, வாயைத் திறந்து... "சரி, வர்றேன்" என்றேன்.

முதல் சனிக்கிழமை போனேன். ஆறு சைக்கிள்கள் வரிசையாக நின்றன. முதல் சைக்கிளின் பிடிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வலது பிடியில் கடுகளவு சிவப்பு. ஒரு பொட்டு. இடது பிடியில் இரண்டு. முன் சக்கரக் கவ்வியில் ஒன்று, பின் சக்கரக் கவ்வியில் இரண்டு.

என் முறை. என் அளவு. நான் வைத்த அதே இடம்.

"இது என்ன லோகன்?" என்று கேட்டேன்.

"அடையாளம் அண்ணே. இப்படி வச்சா யாரு கழட்டிப் போட்டாலும் கண்டுபிடிச்சிரலாம்ல."

அவன் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தான். யார் சொல்லித் தந்தது என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

வாரம் தவறாமல் போகிறேன். அவன் எனக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ தருகிறான். "கணக்கப்புள்ள அண்ணன் பாத்துட்டாரு" என்று விடுதிக்காரர்களிடம் சொல்கிறான். அவர்கள் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள். அவன் அவமானப்படுத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தப் பிளேன்டீயை விழுங்க முடியவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. கடைசிச் சைக்கிளுக்குப் பொட்டு வைக்கவில்லை. லோகன் இரண்டு கையும் கிரீஸாக இருப்பதாகச் சொல்லி, தாடையால் அலமாரியைக் காட்டினான். அங்கே சின்னச் சிவப்புப் போத்தல் இருந்தது.

"நீங்களே வச்சிருங்கண்ணே."

போத்தலைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியது. தூரிகையைத் துடைத்துக்கொண்டு, தெரியாதவன் போலக் கேட்டேன். ஆம், அப்போதும் நடித்தேன்!

"முன்னுக்கு எத்தன, பின்னுக்கு எத்தன?"

செயின் துடைக்கிற சத்தம் நின்றது.

"ஒங்களுக்குத் தெரியாததா அண்ணே?" என்றான் லோகன்.

அவன் சிரித்துக்கொண்டு சொன்னானா, சிரிக்காமல் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நான் நிமிரவில்லை. முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு இரண்டும் வைத்தேன். காயும்வரை குனிந்தே இருந்தேன்.